உழவு இயந்திரப் பெட்டியின் சில்லுப் போதிகைகளைப் பேணும் முறை

அறுவடைக் காலத்தில் நெல் ஏற்றிச் செல்லும் உழவு இயந்திரப் பெட்டியின் சில்லு நடுவழியிற் கழன்று விழுமாயின், அதனால் விளையும் நட்டம் சிறிதன்று. நெல் வீதியிற் சிந்துவதுடன், பெட்டியின் மேல் இருப்போரின் உயிருக்கும் ஆபத்து நேரலாம். இவ்விபத்து திடீரென வருவதன்று. பெயரிங் என வழங்கும் போதிகை பல நாட்களாகத் தேய்ந்து வந்திருப்பதே பல வேளைகளில் இதற்குக் காரணமாகும். கமக்காரர் அத்தேய்வை முன்னரே கண்டறியவும் தடுக்கவும் முடியும்.

தேய்வின் காரணங்கள்

சில்லின் குடத்தினுள் உட்புறம் ஒன்றும் வெளிப்புறம் ஒன்றுமாக இரு போதிகைகள் உள. அவற்றின் உருக்கு உருளைகள் கிறீஸ் படலத்தின் மீதே உருளுகின்றன. அப்படலத்தின் முதற் பகை நீராகும்.

பாரத்துடன் நெடுந்தூரம் ஓடிய பெட்டியின் குடம் சூடேறி, அதனுள்ளிருக்கும் காற்றும் விரிந்திருக்கும். அந்நிலையிற் கழுவுவதற்காகப் பெட்டியைக் குளத்திலோ வாய்க்காலிலோ இறக்கினால், குடம் குளிர்ந்து உட்காற்றுச் சுருங்கும். அப்பொழுது தேய்ந்த ஒயில் சீலின் வழியாகச் சேற்றுநீர் உள்ளே உறிஞ்சப்படும். அந்நீர் எளிதில் வெளியேறாது. பெட்டி வாரக்கணக்கில் ஓடாது நிற்கையில் உருளைகள் துருப்பிடிக்கும். வள்ளங்களைக் கடலில் இறக்கும் இழுவை வண்டிகளும் இவ்வாறே கெடுகின்றன. உப்புநீரால் அங்கு கேடு மேலும் விரைவாகும்.

மிகைச் சுமையும் தீங்கானதே. உருளைப் போதிகையின் மீதுள்ள சுமை இரு மடங்காயின், அதன் ஆயுள் ஏறத்தாழப் பத்திலொரு பங்காகக் குறையும். அச்சின் நட்டை மிக இறுக்குவதும் மிகத் தளர விடுவதும் தேய்வை உண்டாக்கும்.

அறிகுறிகள்

1. ஓட்டம் முடிந்ததும் இரு குடங்களையும் கவனமாகத் தொட்டுப் பார்க்க. ஒன்று மட்டும் மிகச் சூடாயிருப்பின் அதிற் குறையுண்டு.
2. வெறும் பெட்டியைச் சமதரையில் நிறுத்தி, மறு சில்லுக்கு அணை கொடுத்து, ஜக்கினால் உயர்த்தி, அச்சின் கீழ் உறுதியான கட்டை வைக்க. சில்லின் மேலும் கீழும் பிடித்து அசைக்கும்பொழுது அது தெளிவாக ஆடுமாயின் நட்டு தளர்ந்துள்ளது. அல்லது போதிகை தேய்ந்துள்ளது.
3. சில்லைச் சுழற்றும்பொழுது கரகரப்பு ஒலி கேட்பின் உருளைகள் பழுதுற்றிருக்கலாம்.
4. சில்லின் உட்புறத்தில் கிறீஸ் வழிந்திருப்பின் ஒயில் சீல் கெட்டுள்ளது.

குடத்தைத் திறந்தபின் கிறீஸ் பால்போல் வெளிறியிருப்பின் நீர் புகுந்துள்ளது. உருக்கு நீலநிறம் பெற்றிருப்பின் அது அளவுகடந்த சூட்டைக் காட்டும்.

மீண்டும் பூட்டும் முறை

பழைய கிறீஸை முற்றாக அகற்றி, உறுப்புகளை மண்ணெண்ணெயிற் கழுவி, நன்கு உலர்த்துக. குழியோ துருவோ காணப்படின், போதிகையையும் குடத்திலுள்ள அதன் வெளிவளையத்தையும் ஒருங்கே மாற்றுக. புதிய உருளைகள் பழைய வளையத்தில் ஓடின் விரைவிற் கெடும்.

சில்லுப் போதிகைக்குரிய கிறீஸை உள்ளங்கையில் வைத்து, உருளைகளின் இடுக்குகள் நிறையும்வரை அழுத்திச் செலுத்துக. மேற்பூச்சுப் போதாது. வெவ்வேறு வகைக் கிறீஸைக் கலத்தலாகாது. ஒயில் சீலைப் புதிதாக இடுக.

சில்லைச் சுழற்றியவாறே நட்டை இறுக்கி, பின் சிறிது தளர்த்துக. சில்லு தடையின்றிச் சுழல வேண்டும். ஆட்டம் மிகச் சிறிதளவே இருக்கலாம். இறுதியில் புதிய கொட்டர் பின்னைச் செருகுக.

தடுக்கும் வழி

குடம் கைக்குக் குளிர்ந்த பின்னரே பெட்டியை நீரில் இறக்குக. கூடுமாயின் நீரில் இறக்காது கரையில் வைத்தே கழுவுக. ஒயில் சீலை நோக்கி நீரைப் பீய்ச்சற்க. காலபோக அறுவடைக்கு முன் ஒருமுறையும் சிறுபோக அறுவடைக்கு முன் ஒருமுறையும் குடங்களைத் திறந்து பார்க்க. பெட்டி ஓய்ந்திருக்கும் நாளிற் செய்யும் இச்சிறு வேலை, அறுவடை நாளில் நெல்லையும் உயிரையும் காக்கும்.