கம்ப்யூட்டர் ஏன் ‘ஹேங்’ ஆகிறது?

பாட்டு கேட்டுக் கொண்டே கடிதம் டைப் செய்கிறீர்கள். பின்னணியில் ஒரு பைல் டவுன்லோட் ஆகிறது. திடீரென்று ஒரு புரோகிராம் அசையாமல் நின்று, மேலே ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று காட்டுகிறது. உடனே பயந்து போய் பவர் பட்டனை அழுத்துபவரா நீங்கள்? கொஞ்சம் பொறுங்கள்!

ஒரே நேரத்தில் பல வேலை

பிராசசர் ஒவ்வொரு புரோகிராமுக்கும் நொடியில் மிகச் சிறிய பகுதியை ஒதுக்கி, மாறி மாறிக் கவனிக்கிறது. பல கோர்கள் இருந்தால், சில வேலைகள் உண்மையிலேயே ஒரே நேரத்தில் நடக்கும். இரண்டு வேலைகள் ஒரே பொருளைத் தொடும்போதுதான் சிக்கல் ஆரம்பம்.

ஒரு வங்கிக் கணக்கில் 1,000 ரூபாய் இருக்கிறது. இரண்டு புரோகிராம்கள் ஒரே சமயத்தில் அதைப் படிக்கின்றன. ஒன்று 200 சேர்த்து 1,200 என்று எழுதுகிறது. மற்றது, தான் படித்த 1,000த்துடன் 300 சேர்த்து 1,300 என்று எழுதுகிறது. இருக்க வேண்டியதோ 1,500. உங்கள் 200 ரூபாய் போயே போச்சு!

கைகாட்டி தந்த வழி

நெதர்லாந்து நாட்டு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, 1965ல் ஒரே பக்கக் கட்டுரையில் இதற்கு வழி சொன்னார். ஒருவர் பொதுவான பொருளைத் தொடும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். இதற்காக அவர் உருவாக்கிய இன்னொரு கருவியின் பெயர் ‘செமபோர்’. ரயில் பாதையில் நிற்கும் கைகாட்டிதான் அது!

ஆனால் காத்திருப்பதிலும் ஒரு வம்பு உண்டு. அதை விளக்க டைக்ஸ்ட்ரா மாணவர்களுக்கு ஒரு கணக்கு கொடுத்தார். டோனி ஹோர் அதை இப்படிக் கதையாக்கினார்: வட்ட மேஜையில் ஐந்து தத்துவ ஞானிகள். இருவருக்கு நடுவே ஒன்றாக ஐந்து முட்கரண்டிகள். சாப்பிட இரண்டு வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் இடப்பக்க முட்கரண்டியை எடுத்துக் கொண்டு, வலப்பக்கத்துக்காகக் காத்திருந்தால்? யாரும் சாப்பிட முடியாது. யாரும் கீழே வைக்கவும் மாட்டார்கள். இதுதான் ‘டெட்லாக்’.

தீர்வு எளிது. முட்கரண்டிகளுக்கு 1 முதல் 5 வரை எண் கொடுங்கள். சிறிய எண்ணைத்தான் முதலில் எடுக்க வேண்டும். 5க்கும் 1க்கும் நடுவே இருப்பவர் முதலில் 1ஐ எடுக்க வேண்டும். அது பக்கத்தில் இருப்பவர் கையில் இருந்தால் இவர் வெறுங்கையோடு காத்திருப்பார். அதனால் 5 மேஜையிலேயே கிடக்கும். மறுபக்கத்தில் 4ஐ வைத்திருப்பவர் அதை எடுத்துச் சாப்பிட்டு விடுவார். பிறகு வரிசையாக எல்லோருக்கும் வழி பிறக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது

எல்லா ஹேங்கும் டெட்லாக் அல்ல. புரோகிராம் பெரிய வேலையில் மூழ்கியிருக்கலாம். டிஸ்க்கிலிருந்தோ நெட்டிலிருந்தோ பதில் வரக் காத்திருக்கலாம். எனவே:

1. ஓரிரு நிமிடம் காத்திருங்கள். திரும்பத் திரும்பக் கிளிக் செய்யாதீர்கள்.

2. அசையவில்லையா? விண்டோஸில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். நின்றுபோன புரோகிராமைத் தேர்ந்தெடுத்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். அது பிடித்து வைத்திருந்ததை விண்டோஸ் மீட்டுக் கொள்ளும். அதில் சேவ் செய்யாதது மட்டும் போய்விடும்.

3. பவர் பட்டன் கடைசி வழிதான். பாதி எழுதிக் கொண்டிருக்கும் பைல் கெட்டுப் போகலாம்.

அடிக்கடி சேவ் செய்து பழகுங்கள். ஞானிகள் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் உங்கள் கடிதம் பத்திரமாக இருக்கும்!