கொச்சி யூதத் தெருவிலே ஒரு காலை

பிளவக்கல் அணைக்கரையில் நின்று மேற்கே நோக்கினால் மலைத்தொடர் ஒன்றே கண்ணுக்குத் தெரியும். அம்மலைக்கு அப்பால் மலையாள நாடு இருக்கிறது என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பூகோளப் புத்தகத்தில் படித்திருப்பார்களேயன்றி, அங்கே சென்று பார்த்தவர் சிலரே. ஆகவே பதினெட்டு மாணாக்கர்களை அழைத்துக்கொண்டு, இராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை, புனலூர் வழியாக ரயிலேறிக் கொச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

பிரயாணத்தின் முதல் நாள் நடந்த ஒரு சிறு விஷயத்தை நேயர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ரயிலில் கட்டுச் சோற்றை அவிழ்த்தபோது, பிள்ளைகள் ஒருவரும் ஏவாமலே இரண்டு கூட்டமாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். ஊரிலே எந்தத் தெருவோ, ரயிலிலும் அந்தத் தெரு. உபாத்தியாயராகிய நாம் இருபது வருஷமாக இதைக் கண்டும் காணாதவர்போல் இருந்து பழகியவர்கள். அன்றும் அப்படியே இருந்துவிட்டோம்.

மறுநாட் காலை மட்டாஞ்சேரியில் யூதத் தெருவைக் கால்நடையாகச் சுற்றிப் பார்த்தோம். வழிகாட்டியாக வந்தவர் அவ்வூர்ப் பெரியவர் ஒருவர். தமிழும் நன்றாகப் பேசினார். ஏலம், மிளகு, சுக்கு வாசனை வீசும் குறுகிய தெரு. அதன் கோடியில் ஒரு மணிக்கூண்டு. 18-ம் நூற்றாண்டில் எசக்கியேல் ரகபி என்ற யூத வணிகர் கட்டுவித்தது. அதன் முகங்களில் எபிரேய எண்கள், ரோம எண்கள், மலையாள எண்கள் எனப் பல வகை எண்கள். அவரவர்க்குத் தெரிந்த எழுத்திலே நேரம் பார்த்துக்கொள்ளலாம்!

மணிக்கூண்டை அடுத்து யூத ஜெபாலயம். மலையாளத்தார் அதை ஜூதப் பள்ளி என்பர். 1568-ம் வருஷத்தில், கொச்சி மன்னர் அளித்த நிலத்தில், அரண்மனைக் கோயிலுக்குப் பக்கத்திலேயே எழுந்தது. கோயிலுக்கும் பள்ளிக்கும் நடுவே ஒரு சுவரே உண்டு. 1662-ல் போர்த்துகீசியர் இதைச் சேதப்படுத்தினர். டச்சுக்காரர் வந்தபின் பழுது பார்க்கப்பட்டது. நம் கோயில்களைப் போலவே இங்கும் பாதரட்சையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே செல்லவேண்டும். தரை முழுவதும் சீன தேசத்துப் பீங்கான் ஓடுகள். நீல வர்ணத்தில் கையால் தீட்டியவை. மேலே பெல்ஜியக் கண்ணாடி விளக்குகள். நடுவே பித்தளைக் கம்பிகள் சூழ்ந்த மேடை. வேதச் சுருள்களை வைத்திருக்கும் பேழைக்கு எதிரே அத்தனை பேரும் வாய் திறவாமல் நின்றோம்.

இந்த யூதர்கள் இங்கே எப்படி வந்தார்கள்? மிளகு வியாபாரத்தால் வந்த உறவு இது. எபிரேய வேதத்தில் மயிலைக் குறிக்கும் ‘துகி’ என்ற சொல், நம் ‘தோகை’யே என்பது அறிஞர் பலரின் கருத்து. ஏறக்குறைய கி. பி. 1000-ல் பாஸ்கர ரவி என்னும் சேர மன்னன், யோசேப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவனுக்குச் செப்பேடு வழங்கினான். அதன் எழுத்து வட்டெழுத்து. அதன் மொழி நம் பழந்தமிழுக்கு நெருங்கிய உறவு. பல்லக்கு, குடை, பகல் விளக்கு, பேரிகை முதலாக 72 உரிமைகள், வரி விலக்கு, அவன் மக்களுக்கும் மருமக்களுக்கும் உலகும் சந்திரனும் உள்ளளவும் என்று சாஸனம். வந்தாரை வாழவைத்த பெருமை தென்னாட்டுக்கு உண்டு என்று சொல்லி நாம் நெஞ்சு நிமிர்ந்தோம்.

அப்போது வழிகாட்டி வாசற்பக்கத்து முன்கூடத்தைச் சுட்டிக் காட்டினார். “இந்தத் தரையைப் பாருங்கள். யூதர்களிலேயே சிலர் இங்கேதான் உட்காரவேண்டும் என்று ஒரு காலத்தில் விதி இருந்தது” என்றார்.

1492-ல் ஸ்பெயின் தேசத்திலிருந்து துரத்தப்பட்ட யூதர் சிலரும் பின்னர் இங்கே வந்து சேர்ந்தார்கள். அவர்களே பரதேசி யூதர். பன்னூறு ஆண்டுகளாக இங்கே வாழ்ந்த மலபார் யூதரோடு அவர்கள் சம்பந்தம் செய்வதில்லை. விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தவர்களையோ ஜெபாலயத்தில் ஆசனத்தில் அமரவும் விடுவதில்லை. வேதம் வாசிக்க அழைப்பதுமில்லை. துரத்தப்பட்டு வந்தவர்களே தம் சகோதரரைத் தரையில் உட்காரவைத்தார்கள்!

அந்தத் தரையிலிருந்து எழுந்தவர் ஏ. பி. ஸேலம் என்பார். 1882-ல் பிறந்தவர், வக்கீல், கொச்சி சட்டசபையில் அங்கத்தினர், 1929-ல் பூரண சுயராஜ்யத் தீர்மானம் நிறைவேறிய லாகூர் காங்கிரஸுக்குச் சென்றுவந்தவர். அன்னியனை எதிர்க்க மகாத்மா தந்த சத்தியாக்கிரகத்தை அவர் தம் சமூகத்துக்குள்ளேயே கையாண்டார். சில காலம் ஜெபாலயத்தைப் பகிஷ்கரித்தார். விலக்குகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. ‘யூத காந்தி’ என்று மக்கள் அவரை அழைத்தது பொருத்தமே. நம் மதுரையில் 1939 ஜூலை 8-ந் தேதி வைத்தியநாதய்யர் ஹரிஜன சகோதரர்களுடன் மீனாட்சி சந்நிதிக்குள் நுழைந்த கதையைப் பிள்ளைகளுக்கு அங்கேயே நினைவூட்டினோம்.

ஐரோப்பாவிலும் யூதத் தெருக்களை இப்படி நடத்திக் காட்டுகிறார்கள். ஆனால் பிராக் நகரின் பின்காஸ் ஜெபாலயச் சுவர்களில் ஏறக்குறைய 78,000 பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அனைவரும் நாஜிகளின் கொடுமைக்கு மாண்டவர்கள். கொச்சியில் அத்தகைய சுவர் இல்லை. 1948-ல் இஸ்ரேல் தேசம் பிறந்தபின் இங்கிருந்தோர் தாமாகவே கப்பலேறினர். இன்று ஜெபத்துக்கு வேண்டிய பத்து ஆண்மக்கள்கூட உள்ளூரில் கிடையாது. 2019-ல் தொண்ணூற்றாறாம் வயதில் காலமான யூத மூதாட்டி ஒருவரின் தையல் கடையை, அவர் மகன்போல் வளர்த்த முஸ்லிம் அன்பர் ஒருவர் நடத்திவருகிறார்.

வெளியே வந்ததும் ஒரு சிறுவன் நம்மை நெருங்கி, “ஸார், அவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். இப்போது அந்த ஆசனங்களில் யார் உட்காருகிறார்கள்?” என்று கேட்டான். ஒருவருமில்லை என்று சொல்வதற்குள் நமக்கு நாக்குக் குழறியது.

திரும்பும் ரயிலில், சோற்றுப் பொட்டலம் பிரிக்கும் வேளையில், நாம் முதன்முறையாக வாய் திறந்து, “எல்லாரும் ஒரே விரிப்பில் உட்காருங்கள்” என்றோம். பதினாறு பேர் உட்கார்ந்தார்கள். இருவர் பசியில்லை என்று ஜன்னலோரம் போய்விட்டார்கள். அவர்களைக் கடிந்துகொள்ள நமக்கு வாயில்லை. இருபது வருஷம் வாளாவிருந்தவர்கள் நாமல்லவா! நாளைப் பள்ளிக்கூடத்தில் மணி அடித்ததும் அந்த இருவரிடமிருந்துதான் நம் பாடம் தொடங்கவேண்டும்.