சர்க்கரையோடு சமரசம் – 14: ‘நில்’ சொல்லாத சேதி

மஞ்சள் பையிலிருந்து ஐந்து வருட ரிப்போர்ட்டுகளை எடுத்து மேசையில் அடுக்கினார் அந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். சர்க்கரை வந்து 12 வருடம். “க்ரியாட்டினின் 0.9தான் டாக்டர். யூரின்ல புரோட்டீன் ‘நில்’னு போட்டிருக்கு. கிட்னி நல்லாத்தானே இருக்கு?”

ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். அவர் சொன்னதெல்லாம் சரி. நான் தேடிய சோதனை மட்டும் எந்தத் தாளிலும் இல்லை.

விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சர்க்கரை அரிப்பதைப் போன வாரம் பார்த்தோம். சிறுநீரகத்திலும் அதே கதைதான். ஒவ்வொன்றிலும் சுமார் பத்து லட்சம் வடிகட்டிகள். இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டரை வடித்து, கிட்டத்தட்ட எல்லாவற்றையும் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, ஒன்றரை லிட்டரைத்தான் வெளியே விடுகின்றன. ஆல்புமின் என்ற புரதம் இந்தச் சல்லடையைத் தாண்டுவது அபூர்வம். பல வருடச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சல்லடையைத் தளர்த்தும்போது அது கசியத் தொடங்குகிறது.

லண்டன் கைஸ் (Guy’s) மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர், சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவத்திச் சுடரில் காட்டுவார். ஆல்புமின் இருந்தால், முட்டையின் வெள்ளைக்கரு வேகுவதுபோல வெளுத்துத் திரளும். உடல் வீக்கத்தையும் இந்த ஆல்புமினையும் கெட்டுப்போன சிறுநீரகத்தோடு முடிச்சுப்போட்டு 1827இல் எழுதினார். ஆனால், கரண்டியில் திரளும் அளவுக்கு வந்துவிட்டால் வெள்ளம் தலைக்கு மேல் போய்விட்டது என்று பொருள். மிகக் குறைந்த ஆல்புமினையும் அளக்கும் முறையை அதே மருத்துவமனையின் ஹாரி கீனும் அவருடைய சகாவும் 1963இல்தான் வெளியிட்டார்கள்.

லேபில் சிறுநீரில் முக்கி எடுக்கும் பட்டை, பிரைட்டின் கரண்டிக்குத் தம்பி. ஆரம்பக் கசிவு அதன் கண்ணில் படாது. ‘நில்’ என்று எழுதிவிடுவார்கள். க்ரியாட்டினினோ, பலருக்கு வடிகட்டும் திறனில் பாதி போன பிறகுதான் ஏறவே தொடங்குகிறது.

நான் தேடியது ‘யூரின் ஆல்புமின் – க்ரியாட்டினின் விகிதம்’. சீட்டில் ஏ.சி.ஆர். என்று எழுதுவோம். 24 மணி நேரமும் கேனில் பிடித்துவைக்க வேண்டியதில்லை; காலையின் முதல் சிறுநீரில் கொஞ்சம் போதும். ஒரு கிராம் க்ரியாட்டினினுக்கு ஆல்புமின் 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இயல்பு. 30 முதல் 300 வரை ஆரம்பக் கசிவு. அதற்கும் மேலே போனால் பாதிப்பு முற்றுகிறது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிலக்கு, கடும் உடற்பயிற்சி ஆகியவையும் எண்ணை ஏற்றிக் காட்டும். அதனால் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று முறை பார்த்து, இரண்டிலாவது கூடியிருந்தால்தான் உறுதி செய்வோம்.

ஆசிரியருக்கு 86 வந்தது. அடுத்த முறை 92. முகம் வாடிவிட்டது. “நல்லவேளை, இப்பவே பார்த்தோம் சார்” என்றேன். டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான் வகை மாத்திரைகள் அழுத்தத்தோடு கசிவையும் குறைக்கும். டாபாகிளிஃப்லோசின் போன்ற புதிய மருந்துகள் சிறுநீரகத்தின் தேய்மானத்தை மெதுவாக்கும். ஊறுகாய், அப்பளத்தைக் குறைக்கச் சொன்னேன். மூட்டுவலிக்குத் தானாகவே கடையில் வாங்கிப் போட்ட மாத்திரையை அன்றே நிறுத்தினார்.

இரண்டாம் வகைச் சர்க்கரை என்றால் நோய் தெரிந்த உடனேயே இந்தச் சோதனை. முதல் வகைக்கு ஐந்து வருடம் கழித்து. பிறகு வருடந்தோறும். உங்கள் ஃபைலை இன்றைக்கே புரட்டுங்கள். ஏ.சி.ஆர். என்ற மூன்றெழுத்து அதில் இல்லையென்றால், அடுத்த முறை டாக்டரிடம் நீங்களே கேளுங்கள்.

(தொடரும்)