கொடிக்கயிற்றில் ஒரு குடித்தனம்

"ஏங்க, துணியை எங்கே காயப்போட?" பங்குனி பிறந்தால் சிமெண்ட் ஆலை ஊரான ஆலங்குளம் பக்கம் சில வீடுகளில் இந்தக் குரல் கேட்கலாம். கொடிக்கயிற்றில் தேன்சிட்டு கூடு தொங்குகிறதே!

கட்டுவது முழுக்க அம்மா சிட்டு. நார், சருகு, சிலந்தி நூல்... பார்த்தால் ஏதோ குப்பை தொங்குகிற மாதிரி ஒரு வேஷம். பக்கவாட்டில் வாசல், அதற்கு மேல் குட்டியாக ஒரு தாழ்வாரம். மினுமினுக்கும் மாப்பிள்ளை பக்கத்துக் கிளையில் பாடிக்கொண்டே சூப்பர்வைசர் வேலை பார்ப்பார். (உங்க ஆபீசிலும் ஒருத்தர் இருப்பாரே!) குஞ்சு பொரித்ததும் அவரும் இரை தேடி ஓட வேண்டியதுதான்.

முட்டை இரண்டு. அடைகாக்க இரண்டு வாரம், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரம். ஆக, ஒரு மாசம் கொடி லீவு. துணியோடு மொட்டைமாடி ஏறுங்கள், தொப்பை குறையும். 'கூட்டை அவிழ்த்து மரத்தில் கட்டிட்டா?' வேண்டாம் சார்! தாய் திரும்பாமலே போய்விடலாம். அப்புறம் குஞ்சுகள் பட்டினிதான்.

செம்பருத்திக்குப் பூச்சிமருந்து அடிப்பதையும் நிறுத்துங்கள். பெரிசுகளுக்குத்தான் தேன், குஞ்சுகளுக்குப் பூச்சியும் சிலந்தியும்தான் சாப்பாடு.

செண்பகத்தோப்புக்கு பைனாகுலரோடு போகிறவர்கள் போகட்டும். 1988-ல் சாம்பல் அணிலுக்காக அறிவித்த சரணாலயம் அது. நமக்குக் கொல்லைப்புறமே போதும். ஒன்று மட்டும்: பைக் கண்ணாடியில் தன்னையே எதிரியாக நினைத்து மாப்பிள்ளை கொத்திக்கொண்டிருந்தால், அதன்மேல் ஒரு பழைய துணியைப் போட்டுவிடுங்கள்.