டிபி மருந்தோடு கருத்தடை மாத்திரை வேலை செய்யுமா?

செம்பாக்கத்துக்குப் பக்கத்தில், தாம்பரம் சானடோரியத்தில் 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனை இன்றும் இயங்குகிறது. அங்கே மருந்து வாங்கும் பெண்கள் கூச்சப்படாமல் கேட்க வேண்டிய கேள்வி இது.

சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்குமே, அந்த ரிஃபாம்பிசின்தான் காரணம். கல்லீரல் நொதிகளை முடுக்கிவிட்டு, ஈஸ்ட்ரோஜனை வேகமாகச் சிதைத்துவிடுகிறது. மாலா-என், மாலா-டி மாத்திரையை ஒருநாள் தவறாமல் போட்டாலும் கரு தங்கிவிடலாம். “அப்போ ரெண்டா போட்டுக்கறேன்” என்பதும் சரிப்படாது. அதற்காக டிபி மருந்தை நிறுத்திவிடக் கூடாது. கிருமி மருந்துக்கு அடங்காமல் போய்விடும். காப்பர்-டி, ஆணுறைக்கு இந்தச் சிக்கல் கிடையாது.

மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் மாத்திரை எடுப்பவர்களுக்கும் அதன் பலன் குறையும். ரிஃபாம்பிசினை நிறுத்திய பிறகும் இந்தத் தாக்கம் சுமார் 4 வாரம் நீடிக்கும். அதுவரை மாற்று ஏற்பாடு தொடரட்டும்.