சங்கு ஆபீசுக்குள் ஒரு எட்டு!

விருதுநகர் மாவட்டத் தாயில்பட்டியைச் சுற்றிலும் வெடி ஆபீசுகள், அதாவது பட்டாசு ஆலைகள்தான். கொஞ்ச தூரம் தள்ளி, வைப்பாற்றங்கரையில், மண்ணுக்கடியில் ஒரு சங்கு ஆபீசும் இருந்திருக்கிறது, தெரியுமா? வெம்பக்கோட்டை பக்கத்து விஜயகரிசல்குளம் மேட்டுக்காட்டில் 2022 மார்ச்சில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அகழாய்வுக் குழி போட்டது. முதல் கட்டத்திலேயே 3,000க்கும் மேற்பட்ட பொருள்கள்! 2024இல் மூன்றாம் கட்டம். கிடைத்தவற்றை அங்கேயே கண்காட்சியாகவும் வைத்தார்கள்.

பேர் வாங்கியது என்னவோ சூதுபவளத்தில் செதுக்கிய திமில் காளை, தங்க அணிகலன், தந்தப் பகடை. எல்லாம் அழகுதான். ஆனால் நான் சொக்கிப்போனது உடைந்த சங்குத் துண்டுகளிடம்!

ஏன் என்கிறீர்களா? சங்கின் முனையைத் தட்டி, உள்ளே முறுக்கிக் கிடக்கும் தண்டை எடுத்து, உடம்பை வட்டம் வட்டமாக அறுக்க வேண்டும். அப்புறம் உள்பக்கம் தேய்ப்பு, வெளியே மெருகு, கடைசியில் கீறல் வேலைப்பாடு. எந்தக் கட்டத்திலும் 'பட்'டென்று போய்விடலாம். முழு வளையல் மட்டும் கிடைத்திருந்தால் யாரோ சந்தையில் வாங்கிப் போட்டது என்று விட்டுவிடலாம். அறுத்த மிச்சமும் அரைகுறை வளையமும் கிடந்தால்? இங்கேயே பட்டறை ஓடியிருக்கிறது! சரக்குக்கும் பஞ்சமில்லை, வைப்பாறு போய்ச் சேர்வதே சங்கு குளிக்கும் மன்னார் வளைகுடாவில்தானே.

குழிப் பக்கம் நடப்பது இன்னும் ருசி. மண்ணை அடுக்கடுக்காகச் சுரண்டுவார்கள். வெட்டிய மண் அப்படியே வெளியே போகாது; சல்லடைக்கு வரும். கடுகு மாதிரிக் கண்ணாடி மணி ஒன்று மினுக்கினால் போதும், எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றும்! பானை ஓடுகளைக் கழுவி, காயவைத்து, எந்தக் குழி, எந்த அடுக்கு என்று ஒவ்வொன்றிலும் குட்டி எழுத்தில் குறிக்க வேண்டும். அந்தக் குறிப்பு தொலைந்தால் அது வெறும் ஓடு.

சுடுமண் சில்லு வட்டுகளும் ஏராளம். பட்டறைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் ஆடியதாகவே இருக்கும் என்று நினைக்க எனக்கு ஆசை.

அந்தச் சங்குத் துண்டுகளைப் பார்க்கப் போகிறவர்கள் பள்ளிப் பிள்ளைகளோடு, வெடி ஆபீசில் வேலை பார்க்கும் அக்காமாரையும் கூட்டிப் போங்கள். நாள் முழுக்கக் கைவேலை பார்ப்பவர்கள். அந்தத் துண்டு எந்த இடத்தில் கை தவறி உடைந்தது என்று நமக்கு முன்னால் சொல்லிவிடுவார்கள்!