மலைநாட்டு வீட்டுத் தோட்டத்திற் சுக்கினிச் செய்கை

சுக்கினி பூசணிக் குடும்பத்தைச் சேர்ந்த மரக்கறியாகும். நீண்ட கொடியாகப் படராது, செடியாக ஓரிடத்தில் நின்றே காய்ப்பதால், லயத்தின் ஓரத்திலுள்ள சிறு பாத்திக்கும் இது ஏற்றது. எனினும் நுவரெலியா, ஹட்டன் போன்ற குளிர்ப் பகுதிகளிற் பிஞ்சுகள் முனையில் மஞ்சளாகி அழுகி உதிர்வதுண்டு. இதனை நோயெனக் கருதி மருந்து தெளிப்பவர் பலர். பெரும்பாலும் காரணம் நோயன்று. மகரந்தச் சேர்க்கை நிகழாமையே.

மண்ணும் காலமும்

தேயிலை நிலம் புளிப்புத் தன்மை மிக்கது. சுக்கினிக்கு அது ஒவ்வாது. ஆகவே விதைப்பதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னர், குழியொன்றுக்கு இரண்டு கைப்பிடி டொலமைட் இட்டுக் கிளறிவிடல் வேண்டும். தேயிலைச் செடிகளின் அடியில் இது விழலாகாது. சரிவான நிலத்திற் பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்காக அமைத்தால் மேல்மண் கழுவுண்டு போகாது.

நுவரெலியாவில் தை, மாசி மாதங்களில் விழும் உறைபனி இளஞ்செடிகளைக் கருக்கிவிடும். ஆங்கு மாசிக் கடைசியில் விதைத்தல் நன்று. பனி குறைந்த ஹட்டன் பகுதியிற் சற்று முந்தியும் விதைக்கலாம். தென்மேற்குப் பருவமழை வலுக்குமுன் செடி பூத்துக் காய்க்க வேண்டும்.

நடுகை

மூன்று அடி இடைவெளியில், ஓரடி அகலமும் ஓரடி ஆழமுமான குழிகளை வெட்டி, விதைக்கும் வேளையில் மக்கிய சாணமும் கூட்டெருவும் மண்ணுடன் கலந்து நிரப்புக. குழிக்கு மூன்று விதைகளை ஓரங்குல ஆழத்தில் ஊன்றி, முளைத்தபின் திடமான ஒரு கன்றை மட்டும் விடுக. இலைகள் நனையாது அடியில் நீரூற்றல் வேண்டும்.

பூவும் காயும்

ஒரே செடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே மலரும். ஆண் பூ மெல்லிய காம்பில் நிற்கும். பெண் பூவின் கீழே சிறு பிஞ்சு காணப்படும். முதலில் ஆண் பூக்களே தோன்றினாற் கவலை வேண்டா. ஒவ்வொரு பூவும் ஒரு காலைப்பொழுதே விரிந்திருக்கும். அவ்வேளையில் மூடுபனியோ மழையோ இருப்பின் தேனீக்கள் வாரா. அப்போது அவற்றின் வேலையை நாமே செய்தல் வேண்டும்.

காலையிற் பெரட்டுக்குப் புறப்படுமுன், புதிதாக விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவிலுள்ள சூல்முடியில் மெதுவாகத் தடவுக. ஓர் ஆண் பூ இரண்டு, மூன்று பெண் பூக்களுக்குப் போதும்.

நோயும் பீடையும்

இலைகளில் வெண்தூள் படிந்தால் அது பூஞ்சண நோயாகும்; முதிர்ந்த இலைகளை அகற்றிக் காற்றோட்டம் அளிக்குக. நரம்புகளின் ஓரமாகக் காணும் வெள்ளி நிறப் புள்ளிகள் பல இனங்களுக்கு இயல்பானவை. பழ ஈ குத்திய காய்களைப் பொறுக்கி ஆழப் புதைத்தல் வேண்டும்.

அறுவடையும் சமையலும்

காய் ஆறு முதல் எட்டு அங்குல நீளமானதும் கத்தியால் வெட்டுக. ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்துவரின் செடி தொடர்ந்து காய்க்கும்; முற்றவிட்டாற் புதுப் பிஞ்சு குறையும்.

இளங்காயின் தோலைச் சீவ வேண்டியதில்லை. நீர்ப்பற்று மிகுதியாதலால், வெங்காயம், பச்சைமிளகாயுடன் கூடிய தீயில் விரைவில் வதக்கி, உப்பை இறுதியிற் சேர்க்குக. பருப்புடன் கறியாக்கினும், மஞ்சளும் வெந்தயமும் இட்டுத் தேங்காய்ப்பாலிற் சமைப்பினும் ரொட்டிக்கும் சோற்றுக்கும் நன்றாகும். எஞ்சிய ஆண் பூக்களைக் கடலைமாவில் தோய்த்துப் பொரிக்கலாம்.

எச்சரிக்கை

சமைக்குமுன் ஒரு சிறு துண்டை நாவில் வைத்துப் பார்க்குக. கசப்பாயின் துப்பிவிட்டுக் காய் முழுவதையும் எறிந்துவிடல் வேண்டும். அக்கசப்பு நஞ்சாகும், வேகவைத்தாலும் நீங்காது. 2015-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் வீட்டில் விளைந்த கசப்புச் சுக்கினியை உண்ட முதியவரொருவர் உயிரிழந்தார். அழகுக்காக வளர்க்கும் சுரையினங்களின் மகரந்தம் கலந்த காயின் விதையிலிருந்து இத்தகைய செடிகள் தோன்றக்கூடும். ஆதலால் வீட்டில் எடுத்த விதையைத் தவிர்த்து, ஒவ்வொரு முறையும் நம்பத்தகுந்த இடத்தில் விதை வாங்கி நடுக.